ஓசுமியின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

ஒரு செல் உயிரியல் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களின், அதாவது பிற கட்டுரைகள் அவற்றை ஆதாரமாகச் சுட்டியதன், எண்ணிக்கையையும் வைத்து அவருடைய ஆய்வின் மதிப்பைச் சொல்லிவிட முடியுமா, முடியும் என்றால் அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பது கேள்வி. இதற்குப் பொதுப்படையாகப் பதில் சொல்லப் போனால், எண்கள் முக்கியம்தான், ஆனால் எண்களே எல்லாம் அல்ல என்கிற, யாரும் மறுக்காத, யாருக்கும் பயன்படாத இடத்தில்தான் போய் நிற்போம். ஆகவே ஒருவருடைய பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஆண்டுவாரியாகப் படித்துக் காட்டுகிறேன். அவர் 2016இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்ற ஜப்பானிய ஆய்வாளர் யோஷினோரி ஓசுமி. செல் தன் உள்ளுறுப்புகளைத் தானே விழுங்கிச் செரித்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் ஆட்டோபேஜி என்ற நிகழ்வு எப்படி நடக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக அந்தப் பரிசு வழங்கப்பட்டது.

ஓசுமி 1945இல் ஃபுகுவோகாவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1974இல் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு எடெல்மன் ஆய்வகத்தில் மூன்றாண்டுகள் வேலை செய்துவிட்டு 1977இல் டோக்கியோவுக்குத் திரும்பினார். அங்கே அன்ராகுவின் ஆய்வகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஈஸ்ட் செல்லுக்குள் சவ்வு சூழ்ந்த பையாக இருக்கும் வாக்குவோல். செல்லுக்குள் கழிவு சேரும் இடம் என்பதற்கு மேல் அந்த நாளில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அமினோ அமிலங்கள் வாக்குவோலின் சவ்வைக் கடந்து உள்ளே போவதற்கான விசை எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கட்டுரை 1981இலும், கால்சியம் கடத்தல் பற்றிய கட்டுரை 1983இலும் 'ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் வந்தன. இரண்டும் உறுதியான உயிர்வேதியியல் ஆய்வுகள். அந்தத் துறைக்காரர்கள் படித்தார்கள், மற்றவர்கள் கவனிக்கவில்லை. தனக்கென்று ஒரு சிறிய ஆய்வகம் அவருக்குக் கிடைத்தபோது ஆண்டு 1988, வயது 43. அந்த வயதில் அவர் கையில் இருந்த பட்டியலை இன்றைய தேர்வுக்குழு ஒன்றின் முன் வைத்தால், கட்டுரைகளை எண்ணிப் பார்த்து மதிப்பெண் போடும் முறையில் அவர் முதல் சுற்றைத் தாண்டியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதே 1988இல்தான் அவர் நுண்ணோக்கியில் அந்தக் காட்சியைப் பார்த்தார். செல்லின் செரிமானப் பையான லைசோசோமைக் (ஈஸ்ட்டில் அந்த வேலையைச் செய்வது வாக்குவோல்) கண்டுபிடித்த கிறிஸ்டியன் டி டூவ் 1963இலேயே ஆட்டோபேஜி என்ற பெயரைச் சூட்டியிருந்தார். ஆனால் அதை எந்தப் புரதங்கள் நடத்துகின்றன என்பதற்கு அடுத்த கால் நூற்றாண்டில் எந்தத் துப்பும் கிடைக்கவில்லை. விழுங்கப்பட்ட பொருள் உடனுக்குடன் செரிக்கப்பட்டுவிடுவதால், நிகழ்வை நடுவில் பிடிப்பது கடினமாக இருந்தது. செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்து அதைப் பட்டினி போட்டால், உள்ளே வந்தவை செரிபடாமல் வாக்குவோலிலேயே தங்கிவிடும் அல்லவா என்று ஓசுமி எண்ணினார். அப்படியே நடந்தது. சத்து இல்லாத ஊடகத்துக்கு மாற்றிய ஒரு மணி நேரத்தில் சில உருண்டைகள் வாக்குவோலுக்குள் தோன்றித் துள்ளி அலைந்தன. மூன்று மணி நேரத்தில் வாக்குவோல் முழுவதையும் ஏறக்குறைய நிரப்பிவிட்டன. ஈஸ்ட் செல்லில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வாக்குவோல் பெரிதாக இருப்பது இதற்கு உதவியது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு இந்த ஆய்வு 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி'யில் வெளியானது 1992இல். பார்த்ததற்கும் அச்சானதற்கும் நடுவில் நான்கு ஆண்டுகள். ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று கணக்கிடும் எந்த அளவுகோலும் அந்த நான்கு ஆண்டுகளை மந்தமான காலம் என்றுதான் பதிவு செய்யும்.

அடுத்த ஆண்டு வந்த கட்டுரைதான் என் பார்வையில் இந்தப் பட்டியலின் மையம். மாணவியான சுகாடாவும் ஓசுமியும் மட்டுமே ஆசிரியர்கள், ஆறே பக்கங்கள், இதழ் 'ஃபெப்ஸ் லெட்டர்ஸ்'. ஈஸ்ட்டில் சடுதிமாற்றங்களை உண்டாக்கி, பட்டினி போட்டாலும் வாக்குவோலில் உருண்டைகள் சேராத செல் ஒன்றை நுண்ணோக்கியில் தேடித் தேடிப் பிடித்து அதற்கு ஏபிஜி1 என்று பெயரிட்டார்கள். நைட்ரஜன் இல்லாத நிலையில் அந்தச் செல்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துப்போவதைக் கவனித்து, அந்தப் பலவீனத்தையே முதல் சல்லடையாக வைத்து மேலும் 75 சடுதிமாற்ற வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். மரபியல் சோதனை செய்து பார்த்தபோது அவை அனைத்தும் குறைந்தது 15 ஜீன்களுக்குள் அடங்கின. ஆட்டோபேஜிக்குத் தேவையான அடிப்படை ஜீன்களில் பெரும்பகுதி இந்த ஆறு பக்கங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. செலவு குறைந்த, கருவிகள் அதிகம் தேவைப்படாத, கண்ணையும் பொறுமையையும் மட்டும் கேட்கும் சோதனை அது.

'ஃபெப்ஸ் லெட்டர்ஸ்' மதிப்பான இதழ்தான். ஆனால் பெயரைக் கேட்டதும் தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும் இதழ் அல்ல. இங்கே தாக்கக் காரணி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண் அது. அதாவது 1993இல் வெளியான ஒரு கட்டுரை தன் இதழின் தாக்கக் காரணிக்குப் பங்களிக்கக்கூடிய ஆண்டுகள் 1994, 1995 ஆகிய இரண்டு மட்டுமே. சுகாடா–ஓசுமி கட்டுரைக்கு மேற்கோள்கள் குவியத் தொடங்கியதோ 2000க்குப் பிறகு. ஒரு துறையையே தொடங்கி வைத்த கட்டுரை, அதை வெளியிட்ட இதழின் மதிப்பெண்ணில் ஏறக்குறைய ஒன்றுமே கூட்டவில்லை. இதழின் எண்ணைக் கட்டுரையின் எண்ணாகவும், கட்டுரையின் எண்ணை ஆளின் எண்ணாகவும் மாற்றிப் படிக்கும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மேற்கோள் ஏன் தாமதமாக வந்தது என்பதற்கு ஆய்வுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. ஜீன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையைப் படித்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே அறிந்த எந்தப் புரதத்தையும் ஒத்திருக்கவில்லை. ஏபிஜி1 தருவது ஒரு கைனேஸ், அதாவது பிற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி, என்று 1997இல் தெரிந்தது. மற்றவை என்ன செய்கின்றன என்று ஊகிக்கக்கூட வழியில்லை. அன்று இந்த நிகழ்வில் ஆர்வம் கொண்ட ஆய்வகங்கள் உலகம் முழுவதும் மிகச் சில. அவற்றில் ஜெர்மனியில் தும் குழுவும் அமெரிக்காவில் கிளியான்ஸ்கி குழுவும் ஈஸ்ட்டிலேயே வேறு வழிகளில் வந்து அதே ஜீன்களைத் தொட்டுக்கொண்டிருந்தன. மேற்கோள் காட்டுவதற்கு ஆள் இருந்தால்தானே எண்ணிக்கை ஏறும்? 1996இல் ஈஸ்ட்டின் முழு ஜீனோம் வரிசை வெளியானது. அதே ஆண்டில் ஓசுமி ஒகசாகியில் உள்ள தேசிய அடிப்படை உயிரியல் நிறுவனத்துக்கு மாறினார். மிசுஷிமா, யோஷிமோரி, நோடா போன்றவர்கள் அவரோடு சேர்ந்தார்கள். 1998இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, யுபிக்குவிட்டின் என்ற சிறு புரதம் மற்றப் புரதங்களோடு இணையும் முறையை ஒத்த புதிய புரத இணைப்பு முறை ஒன்று ஆட்டோபேஜிக்கு இன்றியமையாதது என்று காட்டியது. 2000இல் அதே இதழில் வந்த இன்னொன்று, ஏபிஜி8 என்ற புரதம் வேறொரு புரதத்தோடு அல்ல, சவ்வின் கொழுப்பு மூலக்கூறான பாஸ்பாட்டிடைல் எத்தனாலமைனோடு போய் இணைகிறது என்று காட்டியது. புரதம் ஒன்று இந்த வழியில் கொழுப்போடு பிணைவது அதுவரை யாரும் எதிர்பாராதது.

இப்போது மேற்கோள் எண்ணிக்கையின்படி அதே பட்டியலை வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலிடத்துக்கு வருவது மேலே சொன்ன கட்டுரைகளில் எதுவும் அல்ல. 2000இல் 'எம்போ ஜர்னல்' இதழில் கபேயா முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை, பாலூட்டிகளின் செல்லில் ஏபிஜி8க்கு இணையான புரதம் எல்சி3 என்றும், அது வெட்டிச் சீராக்கப்பட்ட பின், விழுங்கும் பொருளைச் சுற்றி உருவாகும் பையான ஆட்டோபாகோசோமின் சவ்வில் போய் அமர்கிறது என்றும் காட்டியது. பல ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை இது. காரணம் எளிது. எல்சி3 இரண்டு வடிவங்களில் இருக்கிறது. சவ்வில் ஒட்டிய வடிவம், புரதங்களைப் பிரித்து அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் தனிப் பட்டையாகத் தெரிகிறது. ஒளிரும் புரதத்தோடு சேர்த்தால் நுண்ணோக்கியில் புள்ளிகளாகத் தெரிகிறது. புற்றுநோயோ நரம்புச் சிதைவோ தொற்றுநோயோ எதை ஆராய்பவராக இருந்தாலும், தம் செல்லில் ஆட்டோபேஜி நடக்கிறதா என்று சோதிக்க விரும்பும் எவருக்கும் கையில் எடுக்க ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. எடுத்தவர்கள் மேற்கோள் காட்டினார்கள். 2004இல் மிசுஷிமாவும் ஓசுமி உள்ளிட்டோரும் ஒளிரும் எல்சி3 கொண்ட எலிகளை உருவாக்கி வெளியிட்ட கட்டுரைக்கும் இதே காரணத்தால்தான் பெருந்தொகையான மேற்கோள்கள்.

மேற்கோள் என்பது ஒரு கட்டுரையைப் பிறர் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதைக் காட்டுகிறது. எவ்வளவு பெரிய உண்மையைக் கண்டது என்பதை அல்ல. இது ஓசுமிக்கு மட்டும் உரிய வேடிக்கை அல்ல. உலகிலேயே அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை, கரைசலில் புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையைச் சொல்லும் லௌரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை. 2014 கணக்கின்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அடுத்தது புரதங்களை ஜெல்லில் பிரிக்கும் முறைக்காக லேம்லியின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரை. 2 லட்சத்துக்கும் மேல். பட்டியலின் உச்சியில் சமையற்குறிப்புகளே உட்கார்ந்திருப்பதில் தவறு ஏதும் இல்லை. அவை இல்லாமல் ஆய்வகங்கள் நடக்காது. ஆனால் ஒருவருடைய பட்டியலில் மிக அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை ஒரு முறையைத் தருவதா, ஒரு கருத்தைத் தருவதா என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது பொருளற்றது.

ஆட்டோபேஜித் துறையிலேயே இதன் உச்சம் ஒன்று உண்டு. ஆட்டோபேஜியை அளக்கும் சோதனைகளை எப்படிச் செய்ய வேண்டும், முடிவுகளை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நெறிமுறைத் தொகுப்பு 2008இல் முதலில் வந்தது. பிறகு 2012, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. 2016 பதிப்பின் ஆசிரியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். பயனுள்ள ஆவணம், ஏராளமான மேற்கோள்கள். அந்த மேற்கோள்கள் அத்தனையும் இரண்டாயிரம் பேரில் ஒவ்வொருவருடைய பக்கத்திலும், மேற்கோள்களை எண்ணிக் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தில், முழுமையாக ஏறும். இத்துறையைச் சேர்ந்த ஒருவருடைய மொத்த மேற்கோள் எண்ணிக்கை வியப்பூட்டினால், முதலில் இந்த நெறிமுறைக் கட்டுரைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது என் வழக்கம்.

எதிர்த்திசையில் இழப்பும் உண்டு. ஒரே ஜீனுக்கு ஓசுமி குழு ஏபிஜி என்றும், தும் குழு ஏயூடி என்றும், கிளியான்ஸ்கி குழு சிவிடி என்றும் பெயர் வைத்திருந்ததால் ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்க்க, 2003இல் எல்லாரும் கூடி ஏடிஜி என்ற பொதுப்பெயருக்கு வந்தார்கள். ஏபிஜி1 ஏடிஜி1 ஆயிற்று, எண்கள் பெரும்பாலும் ஓசுமியின் வரிசையையே தொடர்ந்தன. இன்று ஏடிஜி5, ஏடிஜி7 என்ற பெயர்கள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் வருகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை 1993ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை, குறிப்பிடத் தேவையும் இல்லை. ஒரு கண்டுபிடிப்பு அனைவருக்கும் தெரிந்த அறிவாக மாறியதும் அதன் மூலத்தைச் சுட்டும் வழக்கம் மறைந்துபோவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார். மிகவும் வெற்றிபெற்ற வேலைக்குத்தான் இந்த இழப்பு நேர்கிறது.

ஆசிரியர் வரிசையையும் பார்க்க வேண்டும். செல் உயிரியலில் வேலையைப் பெரும்பாலும் கையால் செய்தவர் முதலிலும், ஆய்வகத்தின் தலைவர் கடைசியிலும் வருவது மரபு. எல்சி3 கட்டுரையில் ஒன்பது ஆசிரியர்கள். கடைசிப் பெயர் யோஷிமோரி, அவருக்கு முந்தைய பெயர்தான் ஓசுமி. அதாவது ஓசுமியின் கணக்கில் மிக அதிக மேற்கோள்களைக் கொண்டு சேர்த்த கட்டுரையை, அவர் ஆய்வகத்தில் பாலூட்டிகள் பக்கத்து வேலையை நடத்திய யோஷிமோரியின் கட்டுரை என்று சொல்வதே முறை. 1998ஆம் ஆண்டு 'நேச்சர்' கட்டுரையின் கடைசி இரண்டு பெயர்களும் ஓசுமிதான்: ஒருவர் யோஷினோரி, மற்றவர் அவருடைய மனைவியும் ஆய்வாளருமான மாரிகோ. குடும்பப் பெயரை மட்டும் இட்டுத் தரவுத்தளத்தில் தேடி எண்ணிக்கை எடுப்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் தரும் ஆர்கிட் முறை 2012இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய பட்டியல்களைக் கையால் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எச்-இண்டெக்ஸ் பற்றித் தனியே கேட்கப்படுவது உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவுகோல் அது: குறைந்தது 50 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு 50 இருந்தால் அவருடைய எச் 50. இது சராசரித் திறனுள்ள, நீண்ட நாள் சோர்வில்லாமல் எழுதிய ஒருவரை நன்றாகவே அளக்கும். ஆனால் எச் 50 உள்ள ஒருவரின் பட்டியலில், பல ஆயிரம் மேற்கோள் பெற்ற கட்டுரைக்கும் அறுபது மேற்கோள் பெற்ற கட்டுரைக்கும் ஒரே எடைதான். உச்சம் எவ்வளவு உயரம் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. ஓசுமி போன்றவர்களிடம் பார்க்க வேண்டியதோ அந்த உச்சத்தைத்தான். ஏற்கெனவே தெரிந்ததைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வைக் கட்டுரைகளும் இந்தக் கணக்கை உயர்த்தும். ஓசுமி தனியாகவும் சக ஆய்வாளர்களோடும் எழுதிய 2001, 2009, 2011 ஆண்டுகளின் மீள்பார்வைகள், அவருடைய பல மூல ஆய்வுகளைவிட அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை.

இவ்வளவு சொன்ன பிறகு, எண்களுக்குக் கண்ணே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்கோள் தரவுகளை வைத்து நோபலுக்குத் தகுதியானவர்களை அந்நாளில் ஆண்டுதோறும் கணித்து அறிவித்துவந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம், ஆட்டோபேஜிக்காக 2013இலேயே கிளியான்ஸ்கி, மிசுஷிமா, ஓசுமி ஆகிய மூவரையும் அறிவித்தது. மூன்றாண்டுகள் கழித்து வந்த பரிசு ஓசுமி ஒருவருக்கே. எந்தத் துறை பரிசுக்குத் தகுதியானது என்பதை மேற்கோள்கள் சரியாகவே காட்டின. அந்தத் துறையின் வேர் யாரிடம் இருக்கிறது என்பதை, 1992, 1993 ஆண்டுகளின் கட்டுரைகளைத் திறந்து படித்தவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. மற்ற இருவரும் சளைத்தவர்கள் அல்ல என்பதையும், ஒருவருக்கே கொடுத்தது பற்றி வேறு கருத்துடையவர்கள் உண்டு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இந்தச் சிக்கலை வெளிப்படையாகப் பேசியதில் செல் உயிரியலாளர்களுக்கு முன்னணிப் பங்கு உண்டு. ஓசுமியின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட அதே 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி'யின் பதிப்பாளர்கள், தாக்கக் காரணியைக் கணக்கிடப் பயன்படும் தரவைக் காட்டுங்கள் என்று 2007இல் தலையங்கமாகவே கேட்டார்கள். விலைகொடுத்து வாங்கிய தரவை வைத்து, வெளியிடப்பட்ட எண்ணை மறுபடி வருவிக்க முடியவில்லை என்பது அவர்கள் புகார். அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் 2012ஆம் ஆண்டுக் கூட்டத்தில் உருவாகி 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், பணி நியமனத்திலும் நிதி வழங்கலிலும் இதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் தரத்துக்குப் பதிலியாக வைக்கக் கூடாது என்று நேரடியாகவே சொன்னது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டுள்ளன. கையெழுத்திட்ட எல்லா இடங்களிலும் பழக்கம் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் தன் விண்ணப்பங்களில் 2015 முதல் கேட்கத் தொடங்கிய முறையை ஒட்டியது: ஆய்வாளர் தம் பங்களிப்புகளில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன தெரியாமல் இருந்தது, தாம் எதைச் சேர்த்தார் என்று நான்கு வரிகளில் எழுதட்டும், மதிப்பிடுபவர் அந்தக் கட்டுரைகளைத் திறந்து படித்துவிட்டு, மேற்கோள் எண்ணைக் கடைசியில் பார்க்கட்டும். எண் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தால், ஏன் என்று கேட்பதற்குத்தான் அது பயன்பட வேண்டும். ஓசுமிக்காக அந்த ஐந்தை நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், வாக்குவோலில் உருண்டைகளைக் காட்டிய 1992, பதினைந்து ஜீன்களைத் தந்த 1993, புரத இணைப்பு முறையைச் சொன்ன 1998, கொழுப்போடு இணைவதைச் சொன்ன 2000 ஆகிய நான்கையும் தயக்கமின்றி வைப்பேன். ஐந்தாவது இடத்துக்கு, அவருடைய பட்டியலில் மிக அதிக மேற்கோள் பெற்ற எல்சி3 கட்டுரையை விட்டுவிட்டு, பட்டினியை உணரும் டார் என்ற கைனேஸ்தான் ஈஸ்ட்டில் ஆட்டோபேஜியைக் கட்டுப்படுத்துகிறது என்று நோடாவும் ஓசுமியும் இருவராக எழுதிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான் எடுப்பேன்.